முதல் பக்கம் இன்னும் வெள்ளையாவே கிடக்கு, யாருக்காவது இந்த பயம் போயிருக்கா?

தொண்டி வாசகி, 17 ஏப்ரல் 2025

நல்ல ஸ்கெட்ச் புக் ஒண்ணு வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. கெட்டி அட்டை, தடிமனான பேப்பர். பென்சில எடுத்தா முதல் பக்கம் கெட்டுப்போயிருமோன்னு கை நின்னுருது, திரும்ப பீரோல வெச்சுர்றேன். சும்மா கிறுக்கு, தன்னால பயம் போயிரும்னு எல்லாரும் சொல்றாங்க. சும்மா கிறுக்குறதுன்னா எப்படின்னுதான் எனக்கு புரியல. நெசமாவே யாருக்காவது போயிருக்கா?

18 ஏப்ரல், ராத்திரி

தொண்டி வாசகிக்கு என் பதில்: எனக்கு போயிருக்கு. முழுசா போச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பன்னெண்டு வருஷம் பென்சிலே தொடாம இருந்தவன் இந்த ஒரு வருஷத்துல நாலு நோட்டு முடிச்சிருக்கேன். அந்த நல்ல புக்க பீரோலயே விட்டுருங்க. கடைல கோடு போடாத நோட்டு ஒண்ணு வாங்குங்க, அதுக்கும் கை வரலன்னா ஒரு பக்கம் அச்சடிச்ச பேப்பரோட பின்பக்கம் போதும். நான் ஆரம்பிச்சது பழைய பில்லு கட்டுக்கு பின்னாடிதான். ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்குற ஊர்ல ஒரு ஐஸ் கம்பெனில கணக்கு பாக்குறேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது, ஐஸ் ஓடாது, ஆபீஸ்ல ஃபேன் சத்தம் மட்டும்தான் இருக்கும். போன வருஷம் அந்த 61 நாள்ல ஒரு மத்தியானம் எதிர்ல சும்மா கிடந்த ஐஸ் ஒடைக்கிற மிஷின பில்லு பின்னாடி வரைஞ்சேன். சாயங்காலம் அதே பேப்பர்ல டீக்காசு கணக்கும் எழுதிட்டேன். அந்த டீக்காசு கணக்குதான் என்னைய காப்பாத்துச்சுன்னு இப்ப தோணுது. படத்து மேலயே எண்ண எழுதிட்டதால அது படம்ங்குற அந்தஸ்த விட்டு எறங்கி வெறும் பேப்பர் ஆயிருச்சு, மறுநாள் அடுத்த பில்ல எடுக்க கை கூசல.

ரப்பர் மட்டும் பக்கத்துல வெச்சுக்காதீங்க. பால்பாயிண்ட் பேனா எடுங்க.

19 ஏப்ரல்

ஏன் பன்னெண்டு வருஷம் தொடலன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. சொல்றேன்.

ஸ்கூல் படிக்கும்போதே கவர்மெண்ட் நடத்துற டிராயிங் லோயர், ஹையர் ரெண்டு பரீட்சையும் எழுதுனவன் நான். எழுதுனவங்களுக்கு தெரியும், ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்ல, அதாவது ஸ்கேல் இல்லாம கையாலயே வெளிக்கோடு வரையறதுல, நடுவுல ஒரு கோடு போட்டு, இடது பக்கம் ஜாடியோட வளைவு எப்படி போகுதோ வலது பக்கமும் அச்சு மாறாம அப்படியே வரணும். ரப்பர் போட்டு தேய்ச்சு தேய்ச்சு பேப்பர் பஞ்சு மாதிரி எந்திரிச்சு நிக்கும், அதுக்கு மேலயும் தேய்ச்சா கிழியும். அந்த பயிற்சி தப்புன்னு சொல்லல, கை படிஞ்சது அதுலதான். ஆனா அதுல இருந்து ஒரு படத்த பாத்தா முதல்ல எங்க கோணலா இருக்குன்னுதான் கண்ணு போகும், அது அடுத்தவங்க படம்னாலும் சரி என் படம்னாலும் சரி.

அதுக்கப்புறம் அம்மாச்சி எறந்தாங்க. பெரியம்மா, வருஷத்துக்குள்ள ஆத்தாவ நீ வரைஞ்சு குடுப்பா, ஃப்ரேம் போட்டு வெப்போம்னு கேட்டாங்க. இருந்த ஒரே போட்டோ ரேஷன் கார்டுல ஒட்டுன சின்ன போட்டோதான். எட்டு மாசம் வரைஞ்சேன். மூக்கு வந்துச்சு, தண்டட்டி போட்ட காது வந்துச்சு, சேலை மடிப்பு வந்துச்சு, இடது கண்ணு வரல. நாலு தடவ புதுசா ஆரம்பிச்சேன், நாலு தடவயும் அந்த கண்ணுல வந்து நின்னேன். வருஷ சாமி கும்பிடுற அன்னிக்கு பெரியம்மா எதுவும் கேக்கல, ரேஷன் கார்டு போட்டோவ ஸ்டுடியோல பெருசு பண்ணி மாலை போட்டிருந்தாங்க. பெருசு பண்ணதுல முகமே கலங்கி இருந்துச்சு. அன்னிக்கு கட்டி வெச்சதுதான் பென்சில் பாக்ஸ்.

20 ஏப்ரல்

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. நோட்டு வாங்குனா முதல் பக்கத்த காலியா விட்டுட்டு நடுவுல எங்கயாவது ஆரம்பிங்க. நான் ரெண்டாவது நோட்ட கடைசி பக்கத்துல இருந்து ஆரம்பிச்சேன், முதல் பக்கத்துக்கு வந்து சேந்தப்போ அது வெறும் எம்பதாவது பக்கமாத்தான் இருந்துச்சு.

27 ஏப்ரல்

வெளில உக்காந்து வரைய கூச்சமா இருக்குன்னு கீழக்கரைல இருந்து ஒரு நண்பர் எழுதியிருக்காரு. எனக்கும் இருந்துச்சு. ஆனா வீட்ல உக்காந்து போட்டோவ பாத்து வரையறத விட வெளில வரையறதுதான் இந்த நோய்க்கு மருந்து, ஏன்னா வெளில எதுவும் நமக்காக நிக்காது. உலகம் பூரா இப்படி எடத்துக்கே போய் நேர்ல பாத்து வரையறதுக்குன்னே அர்பன் ஸ்கெட்சர்ஸ்னு ஒரு கூட்டம் இருக்கு, 2007ல சியாட்டில்ல கேப்ரியல் கம்பனாரியோங்குற பத்திரிகை ஓவியர் ஆரம்பிச்சது. நேர்ல பாத்து வரையணும், பாத்தத உண்மையா வரையணும்னு சொல்லுவாங்களே ஒழிய அழகா வரையணும்னு அவங்க கேக்கல.

நேத்து பாம்பன் போனேன். புது ரயில் பாலம் இந்த மாசம் 6ஆம் தேதிதான் திறந்தாங்க, 1914ல கட்டுன பழைய பாலமும் பக்கத்துலயே நின்னுச்சு. பழைய பாலம், கப்பல் வந்தா ரெண்டு கையா மேல தூக்கி விரியுற மாதிரி கட்டுனது, புதுசுல 72.5 மீட்டர் நீளத்துக்கு நடு பாகம் அப்படியே படுத்த வாக்குல மேல ஏறும். ரோட்டுப் பாலத்துல நின்னு வரைய ஆரம்பிச்சா பழைய புத்தி வந்துருச்சு. தூண எண்ணுறேன், ஒவ்வொரு தூணுக்கும் எடைவெளி எவ்வளவு குறையுதுன்னு பேனாவ நீட்டி அளக்குறேன், பதினஞ்சு நிமிஷத்துல ஒம்போது தூண்தான் வந்திருக்கு, பாலம் ரெண்டு கிலோமீட்டர். அந்நேரம் ரயில் வந்துருச்சு. பாலத்து மேல மெதுவாத்தான் போகும்னாலும் எவ்வளவு நேரம் நிக்கும், பக்கத்த திருப்பி கண்ணுக்கு கெடச்சத இழுத்தேன். லிஃப்ட் தூக்குற கோபுரம் ரெண்டு, நடுவுல ஒன்றரை பெட்டி, ஒரு ஜன்னல்ல வெளிய நீட்டுன ஒரு கை. அவ்வளவுதான் பக்கத்துல இருக்கு. அளந்து போட்ட ஒம்போது தூண பாத்தா எனக்கு ஒண்ணும் தோணல, அந்த ஒன்றரை பெட்டிய பாத்தா காத்து காதுல அடிச்சது வரைக்கும் ஞாபகம் வருது.

11 மே

கச்சான், அதான் தென்மேற்கு காத்து, ஆரம்பிச்சிருச்சு. தென்கடல்ல அலை, நாட்டுப்படகு பாதி வடக்கு பக்கம் வந்துருச்சு. வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், மண்டபத்துல நிலம் ஒடுக்கமா இருக்கும், வடக்க பாக் ஜலசந்தி, தெற்க மன்னார் வளைகுடா, பெண்கடல் ஆண்கடல்னு சொல்லுவோம்.

இன்னிக்கு வடக்கு கரைல பதினோரு வள்ளம் நங்கூரம் போட்டு நின்னுச்சு, வரைஞ்சேன். எல்லாம் ஒரே பக்கம் பாத்து நின்னா பக்கம் சப்புன்னு இருக்கேன்னு ஒண்ண மட்டும் எதிர் பக்கம் திருப்பி போட்டேன், பாக்க நல்லாவும் இருந்துச்சு. பக்கத்துல கிழிஞ்ச வலைய பொத்திக்கிட்டு இருந்த பெரியவர் எட்டிப் பாத்துட்டு, "ஏப்பா, அந்த ஒரு வள்ளத்துக்கு மட்டும் தனியா காத்து அடிக்குதா?"ன்னாரு. சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. அப்புறம் அவரே சொன்னாரு, நங்கூரக் கயிறு அணியத்துல, அதாவது வள்ளத்தோட முன்பக்கத்துலதான் கட்டியிருக்கும், அதனால காத்து எங்கிட்டு இருந்து வருதோ அங்கிட்டு மூஞ்சிய காட்டித்தான் வள்ளம் நிக்கும், கயிறு அறுந்த வள்ளம்தான் திரும்பி நிக்கும்னு.

வீட்டுக்கு வந்தும் அதே நெனப்பு. என் கோடு எல்லாம் ஆடி ஆடி இருந்துச்சு, ரெண்டு வள்ளத்துக்கு வயிறு வீங்குன மாதிரி இருந்துச்சு, அதெல்லாம் அவரு பாக்கவே இல்ல. காத்து தப்பா இருந்தத மட்டும் பாத்தாரு.

12 மே

நேத்து எழுதுனதோட தொடர்ச்சி. எப்படி வந்தாலும் பரவால்லன்னு போன மாசம் இங்கயே ரெண்டு பேருக்கு பதில் போட்டிருந்தேன், அத திருத்திக்கிறேன். கோடு கோணலா இருக்குறது ஒரு தப்பு, பாக்காம போட்டது இன்னொரு தப்பு. பன்னெண்டு வருஷம் நான் பயந்தது முத தப்புக்கு. அந்த பெரியவருக்கு அது தப்பாவே தெரியல. ரெண்டாவது தப்ப நான் வேணும்னே பண்ணேன், அதுவும் படம் அழகா இருக்கணும்ங்குறதுக்காக. எனக்கு இது பெரிய விஷயமா படுது. கோட்டப் பத்தி கவலப்படுறத விட்டுட்டா அந்த கவலை எல்லாத்தையும் பாக்குறதுல போடலாம்.

ரப்பர் வேணாம்னு சொன்னதுல மாத்தமில்ல. தப்பா போட்ட கோட்ட அப்படியே விட்டுட்டு பக்கத்துலயே சரியான கோட்ட போடுங்க, ரெண்டும் இருக்கட்டும்.

12 மே, கொஞ்ச நேரம் கழிச்சு

தொண்டி வாசகிக்கு. பேப்பர பாக்காம வரையறதுன்னு ஒரு பழக்கம் இருக்கு, முயற்சி பண்ணுங்க. வீட்ல பனையோலைப் பெட்டி இருக்கும்ல, அத எதிர்ல வைங்க. பேனாவ பேப்பர்ல ஊனிட்டு கண்ண பெட்டி மேலயே வெச்சு, ஓலை விளிம்புல எறும்பு ஊர்ற வேகத்துல கண்ணு போகணும், அதே வேகத்துல பேனாவும் போகணும். ஒரு ஓலை இன்னொண்ணுக்கு அடில நுழையுற எடத்துல நீங்களும் நின்னு, எங்க வெளிய வருதுன்னு பாத்து அங்க இருந்து போங்க. முடிச்சுட்டு பேப்பர பாத்தா பெட்டி மாதிரியே இருக்காது, இருக்கவும் வேணாம். எனக்கு முத தடவ பண்ணப்போ வாய்ப்பக்கம் ஓலைய மடிச்சு உள்ள சொருகியிருக்குறதே அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. பொறந்ததுல இருந்து எங்க வீட்ல இருக்குற பெட்டி.

15 ஜூன்

தடை முடிஞ்சுச்சு. ரெண்டு நாளா தூக்கம் இல்ல, ஐஸ் லோடு. வரையல.

29 ஜூன்

பேப்பர், பேனா பத்தி நாலஞ்சு பேரு கேட்டிருக்காங்க, நம்ம கடக்கரைக்கு பொருந்துறத மட்டும் சொல்றேன். ஜெல் பேனா வேணாம், ஈரக்கை பட்டா ஓடிரும். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பதம், தண்ணி பட்டாலும் நிக்கும், ஆனா உப்புக்காத்துல நமத்த பேப்பர்ல விட்டு விட்டு எழுதும், அதனால நோட்ட பாலித்தீன் கவர்ல போட்டு வைங்க. காத்துக்கு பக்கம் பறக்காம இருக்க துணி காயப்போடுற கிளிப் ரெண்டு. வெள்ளை பேப்பர்ல பத்து மணிக்கு மேல மணல்ல உக்காந்தா கண்ணு கூசி தண்ணி வந்துரும், நான் இப்ப காக்கி கலர் பேப்பர வெட்டி தச்சு வெச்சுக்குறேன், அதுல கருப்பு பேனாவும் ஒரு வெள்ளை கலர் பென்சிலும் போதும். வாட்டர் கலர் போடணும்னா 70, 80 ஜி.எஸ்.எம். (பேப்பரோட கனத்த சொல்ற அளவு) பேப்பர் தாங்காது, சுருண்டுரும், 300 ஜி.எஸ்.எம். வேணும். ஆனா அது விலை ஜாஸ்தி, விலை ஜாஸ்தியானா பயம் வரும், அதனால நான் அந்த பக்கமே போறதில்ல. கலர் ஆசை வந்தா இருக்குற பேப்பர்லயே லேசா தண்ணி தொட்டு கொஞ்சமா கலர் தேய்ப்பேன். அரியமான் பீச்ல ஒரு நாள் நல்ல தண்ணி கொண்டு போகல, கடல் தண்ணியவே தொட்டு போட்டேன், காஞ்சதும் உப்பு பூத்து மணல் மாதிரியே ஒரு சொரசொரப்பு வந்துச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு.

20 ஜூலை

வேற வேலையா ராமநாதபுரம் போனவன் அப்படியே சேதுபதி அரண்மனைல இருக்குற ராமலிங்க விலாசத்துக்குள்ள நுழைஞ்சுட்டேன். ஸ்கூல்ல கூட்டிட்டு போனப்போ வாள், துப்பாக்கிதான் பாத்தேன், இந்த தடவ சுவர பாத்தேன். 1700கள் தொடக்கத்துல சேதுபதி மன்னர் காலத்துல வரைஞ்சது, ராமாயணக் காட்சி, மராட்டியர் கூட சண்டை, வெள்ளைக்காரங்கள மன்னர் பாக்குறது எல்லாம் இருக்கு. அங்கங்க உரிஞ்சு போச்சு. ரொம்ப நேரம் ஒரே ஒரு வரிசைய பாத்துக்கிட்டு நின்னேன், ஆளுக்கு பின்னாடி ஆளு. பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா ஒண்ணு போல ஒண்ணு இல்ல, ஒருத்தருக்கு கை கொஞ்சம் நீளம், ஒருத்தருக்கு தலைப்பா கொஞ்சம் சாஞ்சிருக்கு. ஆனா வரிசை நடக்குது. எனக்கு அங்க நிக்கும்போது அம்மாச்சியோட இடது கண்ணு ஞாபகம் வந்துச்சு, அதுக்கு மேல சொல்ல தெரியல.

ஓவியர் ஆதிமூலம் பத்தியும் நெனச்சுக்கிட்டேன். 1969ல காந்தி நூற்றாண்டுக்கு காந்திய மட்டும் நூறு கோட்டோவியம் போட்டாரு. ஒரே ஒரு காந்திய நூறு தடவ திருத்தல, நூறு காந்திய போட்டாரு. நான் ஒரு அம்மாச்சிய எட்டு மாசம் போட்டதுக்கு எம்பது அம்மாச்சி போட்டிருந்தா என்ன.

17 ஆகஸ்ட்

இத எழுதலாமா வேணாமான்னு நாலு நாளா யோசிச்சேன்.

போன ஞாயித்துக்கிழமை பெரியம்மா வீட்டுக்கு போனேன். வாசல்ல பழைய வலைய விரிச்சு நெத்திலி காயப்போட்டிருந்தாங்க. குத்தவெச்சு உக்காந்து வெயிலுக்கு முந்தானைய தலைல போட்டுக்கிட்டு, இடது முழங்கைய முட்டி மேல ஊனி, வலது கையால ஒவ்வொரு நெத்திலியா புரட்டிக்கிட்டே கருவாடு வாங்குற யாவாரி போன வாரம் கெலோவுக்கு என்ன கொறச்சான்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பேச்சு கேட்டுக்கிட்டே நோட்ட எடுத்து போட்டேன், நாலு நிமிஷம் இருக்கும். முதுகு வளைவு ஒரே கோடு. விரல் நுனில பிடிச்ச மீனு. முகத்துக்கு ஒண்ணுமே போடல, முந்தானை நிழலுக்கு ரெண்டு கோடு, அவ்வளவுதான், ஏன்னா அங்க இருந்து எனக்கு முகம் தெரியல.

என்னப்பா எழுதுறன்னு கைய தொடச்சுக்கிட்டு வாங்கி பாத்தாங்க. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இது நானா? எங்க ஆத்தா மாதிரில்ல குத்தவெச்சிருக்கேன்"னாங்க.

அந்த பக்கத்த கேட்டாங்க. கிழிச்சு குடுத்தேன், மீன் செதில் ஒண்ணு ஒட்டி இருந்துச்சு, எடுக்க வேணாம்னுட்டாங்க. உள்ள போய் அந்த கலங்கிப்போன பெரிய போட்டோ ஃப்ரேம் இருக்குல்ல, அதோட கீழ் மூலைல சொருகி வெச்சாங்க.

19 ஆகஸ்ட்

யாருக்கும் காட்டாதீங்கன்னு மே மாசம் ஒருத்தருக்கு சொல்லியிருந்தேனே, இப்ப அத எப்படி சொல்றதுன்னு குழப்பமா இருக்கு. முகம் தெரியாத நூறு பேருக்கு போட்டு எத்தன லைக்னு பாக்குறது வேற, வரையப்பட்டவங்க கைல குடுக்குறது வேறன்னு தோணுது. வலை பொத்துனவருக்கும் பெரியம்மாவுக்கும் காட்டுனதுலதான் எனக்கு ஏதோ கெடச்சிருக்கு. போன்ல போட்டு ஒண்ணும் கெடைக்கல, அடுத்த படம் போடும்போது அந்த நூறு பேரும் தோள் மேல உக்காந்திருந்தாங்க, அதான் கெடச்சது.

21 செப்டம்பர்

அவசரமா ஒரு திருத்தம். கடல் தண்ணி தொட்டு கலர் போட்டேன்னு ஜூன்ல எழுதியிருந்தேன், அத பாத்து ரெண்டு பேரு செஞ்சிருக்காங்க போல. செய்யாதீங்க. உப்பு காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், அந்த நோட்டு பக்கம் எல்லாம் நசநசன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, பிரிச்சா எதிர் பக்கத்து மேலாப்பும் சேந்து உரியுது. ஒரு பாட்டில் நல்ல தண்ணி கொண்டு போங்க. நான் முதல்லயே யோசிச்சிருக்கணும், ஐஸ் கம்பெனில தெனம் உப்புத்தண்ணிய பாக்குறவன்.

4 அக்டோபர்

இந்த மாசம் 31 நாளும் தெனம் ஒரு மை படம் போடுற சவால்ல சேரலாமான்னு கேட்டிருக்காங்க. 2009ல ஜேக் பார்க்கர்ங்குற ஓவியர் தன் கைப்பழக்கத்துக்காக ஆரம்பிச்சது, இப்ப உலகம் பூரா பண்றாங்க. ஒத்து வர்றவங்களுக்கு நல்லது. எனக்கு ஒத்து வரல. போன வருஷம் ஆறாவது நாள் லோடு வந்து விட்டுப்போச்சு, ஒரு நாள் விட்டதும் மொத்தமும் கெட்டுப்போன மாதிரி தோணி பத்து நாள் நோட்ட தொறக்கல. அந்த ஜாடி வளைவு மாதிரிதான் இதுவும், இடது பக்கம் முப்பத்தொண்ணு, வலது பக்கம் முப்பத்தொண்ணு. உங்களுக்கும் அப்படி தோணும்னு சந்தேகம் இருந்தா சேராதீங்க, வாரத்துல வர்றப்ப வரைங்க.

12 அக்டோபர்

தொண்டி வாசகி எழுதியிருக்காங்க. மூணாவது நோட்டு ஓடுதாம், மீன் மார்க்கெட்ல தராசு புடிக்கிற கைய மட்டும் ஒரு நோட்டு பூரா போட்டிருக்காங்களாம். பீரோல இருக்குற அந்த நல்ல புக்க இன்னும் தொடலையாம், அதுக்கு என்ன பண்றதுன்னு கேக்குறாங்க. இருந்துட்டு போகட்டும்ங்க. தராசு கைய எனக்கு பாக்கணும் போல இருக்கு. எடக்கல்லு வைக்கும்போது கட்டை விரல் எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா, யாவாரிக்கு யாவாரி மாறும்.

இங்க கச்சான் ஓஞ்சு போச்சு. ரெண்டு நாளா காத்தே இல்ல, வடக்கு பக்கம் வள்ளம் எல்லாம் ஆளுக்கொரு திசைய பாத்து நிக்குது, இப்ப அந்த பெரியவர் வந்து பாத்தா ஒண்ணும் சொல்ல முடியாது. வாடைக்காத்து எறங்குனதும் இந்த பக்கம் கடல் புரள ஆரம்பிக்கும், ஒவ்வொண்ணா தெற்க கொண்டு போயிருவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ போடணும், நாளைக்கு ஷிஃப்ட் மதியம்தான், விடிய ஆறு மணிக்கு கரைக்கு போறேன்.